அண்ணன் துப்பாக்கிக்கு எண்ணெய் போடும் வேலை

துப்பாக்கிக் கடையில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "சுட்டிருக்கியா?" நான் சொல்கிற ஒரே பதில், "இல்ல, துடைச்சிருக்கேன்."

அடுத்தவர் நகையை எடை போடுகிறவர்கள், அடுத்தவர் பட்டுப்புடவைக்கு இஸ்திரி போடுகிறவர்கள், அடுத்தவர் காரைக் கழுவி நிழலில் நிறுத்துகிறவர்கள் எல்லாரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். இது நமக்கான கதை. மற்றவர்களுக்குப் புரியாது.

எனக்குப் பதினெட்டு வயது. பிளஸ் டூவைப் பாதியில் விட்டேன். பெரிய காரணமெல்லாம் இல்லை, பிடிக்கவில்லை. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிற இந்தக் கடையில் ஃபாரம் டைப் அடிக்க ஆள் வேண்டுமென்றார்கள், சேர்ந்தேன். விற்கிற துப்பாக்கியைவிட பத்திரமாக வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிற துப்பாக்கிதான் இங்கே அதிகம். புதுச்சேரி கடல் காற்றுக்கு இரும்பு என்றால் அல்வா. வாரம் ஒரு தடவை ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து எண்ணெய் போட்டுத் திரும்ப வைக்க வேண்டும். ஒன்றுகூட என்னுடையது கிடையாது.

தேர்தல் சீசன்

தேர்தல் அறிவித்ததும் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் எல்லாம் துப்பாக்கியை ஸ்டேஷனிலோ எங்களைப் போன்ற கடையிலோ ஒப்படைத்துவிட வேண்டும். பாகூர் பக்கத்திலிருந்து விவசாயிகள் வருவார்கள். பன்றி விரட்ட வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கியை உரச்சாக்கில் சுற்றி, மொபெட்டில் கரும்பு மாதிரி கட்டிக்கொண்டு வருவார்கள். நான் ரசீது எழுதி, அட்டையில் பேர் எழுதிக் கட்டி, ரேக்கில் நிற்க வைப்பேன்.

ஒரு பெரியவர் அட்டை கட்டும்வரை பேசாமல் நின்றார். ரேக்கில் எங்கே வைக்கிறேன் என்று எட்டிப் பார்த்தார். உடனே கவுன்ட்டரைத் தட்டினார். "அந்தாண்ட வைம்மா. பக்கத்துல நிக்கிறது எங்க மச்சான்து. நாங்க பேசி ஆறு வருசமாவுது."

வேண்டாம், ஆனால் வேண்டும்

லைசென்ஸ்காரர் இறந்துபோனால் வாரிசுகள் வருவார்கள். வந்தாலே எனக்கு வயிறு எரியும். ஒரு வேலையும் செய்யாமல், இன்னாருக்குப் பிறந்தேன் என்கிற ஒரே தகுதியில் ஒரு பொருள் கைக்கு வருகிறது பாருங்கள்! எனக்கு அப்படி எதுவும் வந்ததில்லை. பள்ளிக்கூடப் பையே பக்கத்து வீட்டு அக்கா போட்டுக் கிழித்ததுதான் வந்தது.

ஒரு நாள் ஒரு அக்கா வந்தார். கூலிங் கிளாஸைத் தலையில் ஏற்றி வைத்திருந்தார். அப்பாவின் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் தன் பேருக்கு மாற்ற வேண்டுமாம். எதற்கு வேண்டும் என்பதை ஃபாரத்தில் எழுத வேண்டும், அதனால் கேட்டேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "எனக்கு ஒண்ணும் வேணாம். என் தங்கச்சிக்குப் போவக் கூடாது, அவ்ளோதான்."

சொல்தா தாத்தா

அந்த அக்காவைப் பார்த்துச் சிரித்தேன். ஒரே மாதத்தில் சிரிப்பு நின்றுபோனது. எங்கள் சின்னத் தாத்தா, அப்பாவின் சித்தப்பா, தொண்ணூற்றிரண்டு வயதில் போய்ச் சேர்ந்தார். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக, அவர்கள் பாஷையில் சொல்தாவாக, இருந்தவர். முதலியார்பேட்டையில் எங்கள் தெருவில் சொல்தா வீடு என்று கேட்டால் யாரும் காட்டுவார்கள். பிள்ளை குட்டி இல்லை. பாங்குக்கு பென்ஷன் வாங்கக் கூட்டிப் போனது, காலையில் நீள ரொட்டி வாங்கிக் கொடுத்தது, கால் நகம் வெட்டியது எல்லாம் நான். பெரியப்பா மகன் தினேஷ் அண்ணன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான். பொங்கலுக்கு வந்து தாத்தாவோடு செல்ஃபி எடுப்பான்.

தாத்தாவிடம் ஒரு லீவர் துப்பாக்கி இருந்தது. விசைக்குக் கீழே வளையம் மாதிரி ஒரு பிடி. அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறும். ஊரைவிட்டுக் கப்பல் ஏறிய ஒரு பிரெஞ்சுக்கார மில் இன்ஜினியர் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனதாம். அதற்குத் தோட்டா கிடைத்து யாரும் பார்த்ததில்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் மட்டும் வைப்பார். அந்தத் துப்பாக்கியை உயிலில் தினேஷ் அண்ணனுக்கு எழுதியிருந்தார். எனக்கும் எழுதியிருந்தார். மெடல் வைக்கிற வெல்வெட் டப்பா. மெடல்கள் பெரியப்பாவுக்கு. டப்பா காலி.

காரியம் முடிந்த அன்றைக்கே, ஏன் அவனுக்கு என்று வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எனக்கு மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாது. பந்தியில் அப்பளம் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா நின்று என்னைப் பார்த்தார். "துப்பாக்கி உனக்கு எதுக்குடி, கொசு அடிக்கவா?"

ஆட்சேபனை இல்லை

லைசென்ஸ்காரர் இறந்தால் துப்பாக்கி வீட்டில் இருக்கக் கூடாது. அதனால் அது எங்கே வந்தது? எங்கள் கடைக்கு. யார் ரசீது எழுதியது? நான். அட்டையில் "தி. தினேஷ்" என்று எழுதும்போது பேனாவை அழுத்திய அழுத்தில் அட்டை கிழிந்துவிட்டது. இன்னொரு அட்டை எடுத்து எழுதினேன்.

பேர் மாற்ற மற்ற வாரிசுகள் ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் வீட்டிலிருந்து அப்பா போட வேண்டும். அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் அடித்தேன், வேலை அதுதானே. இருபத்தொரு வயது ஆகாதவர்களுக்கு லைசென்ஸ் கிடையாது என்பது எனக்கு மனப்பாடம். எனக்கு இன்னும் மூன்று வருஷம். அப்பா கையெழுத்தை இழுத்தடித்தால், மூன்று வருஷம் கழித்து நான் கேட்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். அப்பா கடைக்கு வந்தார், "எங்க போடணும்?" என்றார், போட்டார். படித்துக்கூடப் பார்க்கவில்லை. பேனாவை மூடும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "இன்னாத்துக்கு மூஞ்சிய இப்டி வெச்சிருக்க? அது நம்ம வூட்ல இருந்தா உங்கம்மா மொதல்ல என்னத்தான் சுடுவா."

சந்தனத்துக்கு அடியில்

கடைக்கு வந்த பிறகு வாராவாரம் அதற்கும் எண்ணெய் போட வேண்டியதாயிற்று. மற்ற துப்பாக்கிகளுக்குப் பத்து நிமிஷம். இதற்கு அரைமணி நேரம் எடுத்துக்கொள்வேன். பிடியைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் 'க்ளிக் க்ளக்' என்று ஒரு சத்தம் வரும் பாருங்கள், பூட்டின பெட்டி நமக்காகத் திறந்த மாதிரி இருக்கும். இழுத்துவிட்டு அட்டையைப் பார்ப்பேன். தி. தினேஷ்.

அடிப்பக்கத்தில், பிடிக்கு முன்னால், பழைய சந்தனம் கல்லாக இறுகிப்போய் இருந்தது. தாத்தா பொட்டு வைத்ததோடு சரி, ஒரு வருஷமும் துடைத்ததில்லை. எண்ணெய் ஊற்றி ஊறவைத்து, பல் குத்தும் குச்சியால் மெதுவாக நெம்பினேன். கத்தி, கம்பி எதுவும் தொடக் கூடாது. மூன்று நாள் ஆனது. உள்ளே நம்பர் இருந்தது. முதலாளி அந்த நம்பரைத் தன்னிடம் இருக்கிற தடித்த புத்தகத்தில் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி தேடினார். அமெரிக்காவில் செய்தது, நூற்றிருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, தாத்தாவுக்கே அப்பா வயது என்றார். பெங்களூரில் பழைய துப்பாக்கி சேர்க்கிற ஒருவருக்குப் படம் அனுப்பினார். பதில் வந்தது. நல்ல நிலையில் இருந்தால் ஒரு புதுக் கார் விலை தேறுமாம்.

முதலாளி என்னைக் கூப்பிட்டுத் திரும்பவும் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் சொன்னதுதான்: இந்த மாதிரிப் பழசுக்குத் துடைப்பதும் எண்ணெயும் மட்டும்தான், பாலிஷ் கூடாது, அந்தப் பழுப்பு நிறம் போனால் விலையும் போச்சு. தலையாட்டினேன். அப்புறம் சென்னைக்குப் போன் போட்டுச் சொல்லவும் சொன்னார். கண்டுபிடித்தது நான், குச்சியால் நெம்பியது நான், கார் அவனுக்கு. அவனாவது கொஞ்சம் கெட்டவனாக இருந்திருக்கலாம். போனில் கத்தினான். "செம்ம அபி! கார் வாங்குனா முன்சீட்டு உனக்குத்தான்டி!"

ஒரு வெள்ளிக்கிழமை

பெங்களூர்க்காரர் சனிக்கிழமை நேரில் பார்க்க வருவதாக முடிவானது. வெள்ளிக்கிழமை காலையில் தினேஷ் அண்ணன் எனக்குப் போன் செய்தான். "நாளைக்கு வர்றாரு. நல்லா பளபளன்னு பாலிஷ் போட்டு வை அபி. உன் கை பட்டாத்தான் சரியா இருக்கும்" என்றான்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்கலாம். "கூடாதுண்ணா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். எனக்குத் தெரியும். முதலாளியை விட்டால் கடையில் எனக்குத்தான் அது நன்றாகத் தெரியும். நான் சொன்னது, "சரிண்ணா."

முதலாளி அன்றைக்கு அவர் சம்சாரத்தைக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்தார். கடையில் அவர் தம்பி உட்கார்ந்து மொபைலில் கேரம் ஆடிக்கொண்டிருந்தார். நான் பின் அறையில் உப்புத்தாளில் இருப்பதிலேயே நைஸானதை எடுத்தேன். பாலிஷ் டப்பாவைத் திறந்தேன். இடது பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன். கொடுத்த வேலையைத்தானே செய்கிறோம் என்று வாயில் முணுமுணுத்துக்கொண்டே தேய்த்தேன். பழுப்பு நிறம் காபித் தண்ணீர் மாதிரி துணியில் இறங்கியது. சந்தனப் பொட்டு பட்ட இடத்தில் வட்டம் வட்டமாக இரும்பை அரித்த கறை இருந்தது, அதையும் விடவில்லை. நூற்றிருபது வருஷம், ஒன்றரை மணி நேரத்தில் போனது. உண்மையைச் சொல்கிறேன், தேய்க்கும்போது நன்றாக இருந்தது. நகம் வெட்டிய நாள், ரொட்டி வாங்கிய நாள் என்று ஒவ்வொன்றாக நினைத்து நினைத்துத் தேய்த்தேன்.

மனசாட்சி வந்து நிறுத்தினேன் என்று எழுத ஆசைதான். வரவில்லை. பாங்க் வாட்ச்மேன் ஒருவர் சர்வீஸுக்கு விட்ட தன் துப்பாக்கியை வாங்க வந்தார். எழுந்து போய் எடுத்து வந்தேன். அதற்குள் அவர் பின் அறைக்குள் தலையை நீட்டி, மேஜையில் கிடந்ததை இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தார். "இன்னா பாப்பா இது? எங்க வூட்டுக்காரி பாதித் தலைக்கு டை அடிச்சிட்டு நிக்கற மாதிரி கீது!"

அவர் சிரித்துக்கொண்டே போனார். நான் திரும்ப உட்கார்ந்து பார்த்தேன். இடது பக்கம் புது எவர்சில்வர் டம்ளர் மாதிரி இருந்தது. அதற்கு மேல் கை ஓடவில்லை.

சனிக்கிழமை

பெங்களூர்க்காரர் வெள்ளைத் துணிக் கையுறை போட்டுக்கொண்டார். நான் துப்பாக்கியை வலது பக்கம் மேலே தெரிகிற மாதிரி வைத்திருந்தேன். தற்செயலாக அல்ல. தினேஷ் அண்ணன் சென்னையிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, அயர்ன் பண்ணின சட்டையோடு என் பக்கத்தில் நின்றான். அவர் குனிந்து ஒவ்வொரு அங்குலமாகப் பார்த்தார். உதடு லேசாக விரிந்தது. பொட்டு வைத்த கறையை விரலால் தொட்டு, இது என்ன என்று கேட்டார். தினேஷ் அண்ணன் ஆயுத பூஜைக் கதையைச் சொன்னான். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. இந்தக் கறையோடு உலகத்திலேயே இது ஒன்றுதான் இருக்கும் என்றார்.

அப்புறம் திருப்பினார்.

கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். முதலாளி துப்பாக்கியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தினேஷ் அண்ணனுக்கு மட்டும் எதுவும் புரியவில்லை. என் தோளில் கை போட்டு முன்னால் தள்ளினான். "இந்தப் பக்கம் எப்டி இருக்கு பாத்தீங்களா சார்? எல்லாம் என் தங்கச்சி வேலை. டைம் இல்ல, இல்லன்னா அந்தப் பக்கமும் இதே மாதிரி செஞ்சி வெச்சிருப்பா."

காரணம்

கார் விலை சொன்னவர் கால் பங்குதான் தர முடியும் என்றார். பெரியப்பாவுக்குப் போன் போனது. அந்த விலைக்குக் கொடுக்க வேண்டாம் என்றார். பெங்களூர்க்காரர் போய்விட்டார். ஏன் தேய்த்தாய் என்று முதலாளி என்னைக் கேட்க வாயெடுத்தார். அதற்கு முன்பே தினேஷ் அண்ணன், "நான்தான் சார் சொன்னேன், அவ மேல தப்பில்ல" என்றான். முதலாளி என்னைத் திட்டவில்லை. ஒப்படைப்பு ரிஜிஸ்டரை எடுத்து என் முன்னால் வைத்தார். அது வந்த நாளில் நானே எழுதியது இருந்தது: பழையது, நல்ல நிலை. அதற்குப் பக்கத்தில் 'மாற்றம்', 'காரணம்' என்று இரண்டு கட்டம். மாற்றம் என்பதில் "இடது பக்கம் பாலிஷ்" என்று எழுதிவிட்டேன். காரணம் என்பதில் பேனாவை வைத்தேன், எடுத்தேன். "வாரிசு கேட்டுக்கொண்டபடி" என்று எழுதலாம். பொய் இல்லை. முதலாளி எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். "நிதானமா எழுதும்மா. கடை எட்டு மணி வரைக்கும் தொறந்துதான் இருக்கும்."

பஸ் ஸ்டாண்டில்

எழுதவில்லை. ஞாயிறு மதியம் தினேஷ் அண்ணன் சென்னைக்குக் கிளம்பும்போது நானும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்து எனக்குக் கையாட்டினான். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். "பாலிஷ் போடக் கூடாதுன்னு எனக்குத் தெரியும்ணா. தெரிஞ்சேதான் தேய்ச்சேன்."

"விளையாடாத."

"விளையாடல. உனக்கு எழுதி வெச்சுட்டாருன்னு வயித்தெரிச்சல்."

அவன் சிரிப்பு நின்றது. முன்சீட்டில் பிள்ளைக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, உரிப்பதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தார். கண்டக்டர் விசில் அடித்தார். கத்துவான் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், சமமாகப் போயிருக்கும். பஸ் நகர்ந்தது, நான் கூடவே நடந்தேன். அவன் மெதுவாகத்தான் சொன்னான். "கார் போனா போவுதுடி. ஆபீஸ்ல அத்தினி பேர்கிட்டயும் என் தங்கச்சி துப்பாக்கிக்கு டாக்டர்னு சொல்லி வெச்சிருக்கேன், இப்ப இன்னான்னு சொல்றது?"

திங்கட்கிழமை கடை திறந்ததும் ரிஜிஸ்டரில் காரணம் கட்டத்தில் "பொறாமை" என்று எழுதி, கீழே என் கையெழுத்தைப் போட்டேன். முதலாளி படித்துவிட்டு மூடி வைத்தார். லைசென்ஸ் தினேஷ் அண்ணன் பேருக்கு வந்துவிட்டது. துப்பாக்கி எங்கள் ரேக்கில்தான் இருக்கிறது. பழுப்பு போன இடது பக்கத்தில் கடல் காற்று ஒரே நாளில் துருவை ஏற்றிவிடுகிறது, அதனால் வாரம் ஒரு தடவை போட்ட எண்ணெயை இப்போது தினமும் போடுகிறேன். அண்ணன் இன்னும் போன் செய்யவில்லை. நான் தினமும் அதைப் படம் எடுத்து அவனுக்கு அனுப்புகிறேன். இரண்டு நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

அடுத்தவர் பொருளைத் துடைத்து வைக்கிற வேலையில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: யாருடையது வந்தாலும் துடையுங்கள், சொந்தக்காரர்களுடையது வந்தால் மட்டும் அன்றைக்கு லீவு போட்டுவிடுங்கள்.